இன்னும் நூற்றுப் பத்து மைல்

என் அக்கா லோர்னாவின் கணவன் வென்டல் ஹூபரைப் போல ஒரு பொறுமைசாலியை டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில் எங்கு தேடினாலும் கிடைக்காது. இதை நான் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. அவனுடைய பொறுமையைப் பார்த்து எனக்கு எத்தனையோ தடவை பற்றிக்கொண்டு வந்திருக்கிறது. அக்காவிடம் கல்யாணப் பேச்சை எடுக்கவே நாலு வருடம் எடுத்துக்கொண்ட ஆள். அடுப்பிலிருந்து எடுத்த கேக்கை முழுதாக ஆறும்வரை யாரையும் கிட்டே விடமாட்டான். பெயின்ட் டப்பாவில் இரண்டு நாள் காயவிடு என்று போட்டிருந்தால், மூன்றாம் நாள்தான் வேலியைத் தொட்டுப் பார்ப்பான். குழந்தைகள் இல்லாத வீடு அது. இருந்திருந்தால் அதுகள் இவனைப் பார்த்தே பைத்தியமாகியிருக்கும்.

ஹேஸல் பார்க்கில் பிறந்தவன். பதினெட்டு வயதில், கார் சக்கரங்களைச் சுழற்றும் ஆக்ஸில்களைச் செய்யும் ஆலைக்குப் போய், இருபத்தாறு வருடம் ஒரே பெஞ்சில் நின்று கிரவுன் வீலையும் பினியனையும் சேர்த்துப் பொருத்தினான். இன்ஜினின் பலமெல்லாம் கடைசியில் அந்த இரண்டு பல் சக்கரங்கள் வழியாகத்தான் பின் சக்கரத்துக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமுடி அளவு தப்பினால் போதும், வண்டி ஆயுளுக்கும் ஊளையிடும். இல்லாவிட்டால் பல் உடையும். ஆலையை மூடிய பிறகு அதே வேலையை வீட்டு கராஜில் வைத்துக்கொண்டான். அறுபதுகளின், எழுபதுகளின் பெரிய இன்ஜின் கார்களை வைத்துக்கொண்டு உட்வர்ட் சாலையில் ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னலுக்கு யார் முந்துவது என்று அலைகிற கூட்டம் எங்கள் ஊரில் நிறைய. அவர்களெல்லாம் பின் ஆக்ஸில் என்றால் வென்டலிடம்தான் வருவார்கள். ஒஹையோவிலிருந்துகூட வருவார்கள்.

ஆனால் அவன் ஓட்டுவதைப் பார்க்க வேண்டுமே! ஸ்கூல் பஸ் தோற்றுப் போகும். நான் ரீட்டா, அவனுக்கு நேர் எதிர். கார் ஆலையில் வரிசையின் கடைசியில் முடிந்து வருகிற வண்டிகளை எடுத்து வெளி மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் இருபத்திரண்டு வருடம் என் உத்தியோகம். ஒரு நாளைக்கு நூறு வண்டி. சின்ன வயதில் அந்த மைதானத்தில் நான் போட்ட ஆட்டத்துக்கு மேலதிகாரி இரண்டு தடவை எழுதி வாங்கியிருக்கிறார்.

2014 ஜனவரியில் லோர்னாவின் நுரையீரல் இறுகிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொன்னார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வந்தது. அடுத்த கிறிஸ்துமஸைப் பற்றி அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நான் அவளை ஃப்ளோரிடாவுக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். கடலைப் பார்க்கலாம், வெயிலில் உட்காரலாம் என்றெல்லாம் ஆசை காட்டினேன்.

"கடலை வெச்சு நான் என்னடி பண்ணப் போறேன்?" என்றாள். பிறகு வென்டலைப் பார்த்துத் திரும்பினாள். "கராஜ்ல ஒன்பது வருஷமா போர்வை போத்தித் தூங்குதே பச்சைக்கார், அதை எழுப்பு. முப்பத்தொரு வருஷமா ஊர்க்காரன் வண்டிக்கெல்லாம் வேகம் வெச்சு அனுப்புறே. உன் பக்கத்துல உக்காந்து நான் கண்டது என்ன? ஒரே ஒரு தடவை, உட்வர்ட் ரோட்டுல, பச்சை விழுந்ததும் அடிமட்டம் வரைக்கும் மிதி. என் முதுகு சீட்டுல போய் ஒட்டணும். அதுபோதும் எனக்கு."

வென்டல் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். "இப்ப இருக்கிற ஆக்ஸிலை வெச்சுக்கிட்டு அதெல்லாம் முடியாது. மாத்தணும்."

"மாத்தேன். உன் கையை யாரு பிடிச்சா?"

அந்தப் பச்சைக்கார் 1970 மாடல் ஷெவெல். டொலிடோவில் கால் மைல் பந்தயம் ஓடினவன் ஒருவனிடமிருந்து வாங்கியது. பந்தயத்துக்காக அவன் பின்னால் வைத்திருந்த கியர் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, இன்ஜினிலிருந்து வரும் தண்டு நாலரைச் சுற்றுக்கு மேல் சுற்றும். கால் மைலுக்கு அது தேவாமிர்தம். சாலையில் அறுபதில் போனால் இன்ஜின் தொண்டை கிழியக் கத்தும், பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. வென்டல் அதை முழுதாகக் கழற்றிப் போட்டான். பழைய கார்கள் கிடக்கும் யார்டில் தேடி, பன்னிரண்டு போல்ட் வைத்த பெரிய ஆக்ஸில் கூடு ஒன்றைக் கொண்டுவந்தான். அதற்குள் தடித்த புது ஷாஃப்ட்டுகள், இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கிற மாதிரி டிஃபரன்ஷியல், மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவான புது கியர். மிதித்தால் பாயவும் வேண்டும், லோர்னாவோடு பேசிக்கொண்டு போகவும் வேண்டும் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தான்.

மார்ச் முழுக்க கராஜில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வேலை நடந்தது. லோர்னா மடக்கு நாற்காலியில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பல் சக்கரங்களில் மஞ்சள் பசையைத் தடவிச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். பல்லோடு பல் எங்கே உரசுகிறதோ அங்கே பசை அழிந்து தடம் தெரியும். அந்தத் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும்.

"எங்க விழுந்திருக்கு?" என்பான் வென்டல். அவன் கண்ணாடி எப்போதும் எண்ணெய்ப் பிசுக்காகத்தான் இருக்கும்.

"ஓரத்துல. மஞ்சள் கடுகு சாஸைத் தடவத் தெரியாதவன் ஹாட் டாக் சாப்பிட்ட மாதிரி இருக்கு," என்பாள் லோர்னா.

அவன் மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, காகிதம் போன்ற ஒரு தகட்டை மாற்றி வைத்து, மறுபடி பூட்டுவான். பதினொரு தடவை. வேறு யாராக இருந்தாலும் நாலாவது தடவையே போதும் என்று மூடியிருப்பார்கள். பன்னிரண்டாவது தடவை லோர்னா குனிந்து பார்த்து, அவன் கன்னத்தைத் தட்டினாள். அவள் கையில் இருந்த மஞ்சள் அவன் முகத்தில் ஒட்டிக்கொண்டது. அன்று அந்த இரண்டு பேரையும் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

ஏப்ரல் கடைசியில் வண்டி தரையில் இறங்கியது. லோர்னா கையைத் தட்டினாள். "சரி, கிளம்பு. உட்வர்ட் போலாம்."

"போலாம். ஆனா மிதிக்க முடியாது. ஐந்நூறு மைல் ஆகணும்."

இது அவன் வேதம். புதுப் பற்கள் ஒன்றோடு ஒன்று பழக வேண்டும். முதலில் பதினைந்து மைல் மெதுவாக ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டி, மறுபடி ஆறவிட்டு, அப்படியே ஐந்நூறு மைல்வரை வண்டியை விரட்டக் கூடாது. விரட்டினால் சூட்டில் பல் வெந்துவிடும், அதன் பிறகு ஊளைதான். வேலை முடிந்து வண்டியை எடுத்துப் போகிற ஒவ்வொருவனிடமும் இதை ஒரு தாளில் தன் கையால் எழுதிக் கொடுத்து, வாயால் வாசிக்கவும் வைப்பான். லோர்னா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "சரி, ஐந்நூறுதானே. ஓட்டித் தள்ளிடலாம்," என்றாள்.

அப்படித்தான் ஓட்டினோம். வாரத்தில் நாலு நாள், மத்தியான வெயிலில், அவன் ஓட்ட, அவள் பக்கத்தில், நான் பின் சீட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு. மடியில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தாள். வீடு திரும்பியதும் மீட்டரைப் பார்த்துத் தேதியும் மைலும் எழுதுவாள். மே மாதம் அவள் நன்றாகவே இருந்தாள். செயின்ட் கிளேர் ஏரிவரை போய் வறுத்த மீன் சாப்பிட்டோம். ஜூனில் மூச்சு குறைந்தது. நாற்பது மைல் போனவள் இருபதில் களைத்தாள், பிறகு பத்தில்.

ஜூன் இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை. பெர்க்லி பக்கம் உட்வர்டில் சிவப்பு விளக்கில் நின்றோம். பக்கத்து வரிசையில் சிவப்புக் கார் ஒன்று வந்து நின்றது. உள்ளே முப்பது வயது மதிக்கத்தக்க இரண்டு பேர். ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து உறும விட்டார்கள். ஒருவன் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தான்.

"பெரியவரே, வண்டி ஜோரா இருக்கு! உள்ள இன்ஜின் இருக்கா, இல்ல தள்ளிக்கிட்டே வந்தீங்களா?"

லோர்னாவின் முகம் சிவந்துவிட்டது. எத்தனையோ வாரமாக அந்த முகத்தில் ரத்தம் ஓடி நான் பார்க்கவில்லை. கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "வென்டல், மிதி," என்றாள்.

"இன்னும் நூத்திப் பத்து மைல் இருக்கு, கண்ணு."

"வெந்தா வேகட்டும். மிதி."

"பச்சை விழுந்துடுச்சு, அவங்க போகட்டும்," என்றான். சிவப்புக் கார் புகையைக் கிளப்பிக்கொண்டு போனது. இவன் பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவன் மாதிரி வண்டியை நகர்த்தினான்.

நான் பின்னாலிருந்து கத்தினேன். "ஏன்டா, நீ மனுஷனா? பல் வெந்தா இன்னொண்ணு போட்டுக்க மாட்டியா? அவளை மாதிரி இன்னொருத்தி கிடைப்பாளா?"

"விடு, ரீட்டா," என்றாள் லோர்னா. கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் 390 என்று எழுதினாள். எழுத்து கோணலாக இருந்தது.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி அவள் போய்விட்டாள். நோட்டில் கடைசியாக இருந்தது 452.

அடக்கம் முடிந்து சர்ச் ஹாலில் எல்லோரும் தட்டில் ஹாமும் உருளைக்கிழங்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வென்டல் சுவரோரம் தனியாக நின்றான். நான் நேரே போய், "நாப்பத்தெட்டு மைலை மிச்சம் பிடிச்சுட்டியே, இனி அதை வெச்சு என்ன பண்ணப் போறே?" என்று கேட்டேன். பக்கத்தில் பாதிரியார் இருந்தார். வென்டல் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்தான். அதற்கப்புறம் இரண்டு மாதம் அவனுடைய போனை நான் எடுக்கவில்லை. அவன் கராஜில் வேலையை நிறுத்திவிட்டான் என்று கேள்விப்பட்டபோதுகூட, கிடக்கட்டும் என்றுதான் இருந்தேன்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் பச்சைக்கார் வந்து நின்றது. வென்டல் இறங்கி வந்தான். நாலைந்து நாள் சவரம் செய்யாத முகம். கையில் லோர்னாவின் நோட்டு. உள்ளே வா என்று நான் சொல்வதற்குள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"வியாழக்கிழமை கல்லறைக்குப் போய்க்கிட்டிருந்தேன். போலீஸ் நிறுத்தினான்."

"உன்னையா? எதுக்கு, ரோட்டுல தூங்கினேன்னா?"

"வேகமாப் போனேன்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு மாதக் கோபத்தையும் மீறிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"முப்பத்தஞ்சுல போகவேண்டிய ரோடு. மீட்டர்ல முள் முப்பத்தஞ்சுலதான் நிக்குது. அவன் நாப்பத்தேழுங்கறான். நான் சண்டை போட்டேன், உன் மெஷின் தப்புன்னேன். நல்ல பையன். 'ஐயா, இத்தனை வண்டியைப் பிடிச்சிருக்கேன், என் மெஷின் தப்பில்ல, உங்க மீட்டரைப் பாருங்க'ன்னான். வீட்டுக்கு வந்து அடியில படுத்துப் பார்த்தேன்."

நான் ஆலையில் வேலை பார்த்தவள், எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கியர் பெட்டியின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பல் சக்கரம் இருக்கும். வேகத்தையும் மைலையும் மீட்டருக்குச் சொல்வது அதுதான். பின் ஆக்ஸிலில் கியரை மாற்றினால் அதையும் அதற்குத் தக்கபடி மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் மீட்டர் பழைய கணக்கிலேயே பேசிக்கொண்டிருக்கும்.

"நீ அதை மாத்தலையா?"

"மாத்தலை. வாங்கி வெச்சிருந்தேன். பெஞ்சுல பொட்டலத்தோட இருக்கு. அதை மாட்டப் போன நேரத்துலதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து ரெண்டாவது ஸ்கேன் பத்திப் போன் வந்துது. போனைப் பேசிட்டு வந்து, வண்டிச் சக்கரங்களை மாட்டிக் கீழே இறக்கிட்டேன்." முகத்தைக் கைகளால் தேய்த்துக்கொண்டான். "ஊர்க்காரன் எல்லாருக்கும் எழுதிக் குடுக்கிற தாள்ல முதல் வரியே மீட்டர் பல்லை மாத்துங்கறதுதான், ரீட்டா."

பிறகு நோட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினான். வண்டி நாலு மைல் ஓடினால் மீட்டர் மூன்று என்றுதான் காட்டியிருக்கிறது. லோர்னா எழுதிய ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அவன் பென்சிலால் உண்மையான மைலை எழுதியிருந்தான். ஜூன் பதினான்கு, 375. அதன் பக்கத்தில் 500. ஜூன் இருபத்தொன்று, 390. பக்கத்தில் 520. கடைசி வரி 452, பக்கத்தில் அறுநூற்றுச் சொச்சம்.

அந்தச் சிவப்பு விளக்கில் அவள் மிதி என்று கேட்டபோது ஐந்நூறு மைல் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கிறது. பன்னிரண்டு தடவை பிரித்துப் பூட்டினவன், விரல் நுனியால் தடவியே தகட்டின் கனத்தைச் சொல்கிறவன், மாதக்கணக்கில் அந்த வண்டியை ஓட்டியும் முள் பொய் சொல்வதைக் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பான்? அவன் பார்வை முழுக்க அவள் மூச்சில் இருந்தது.

அவனைத் திட்டுவதற்கு வார்த்தை தேடினேன். கிடைத்தது ஒரு கேள்விதான். "மீட்டர் சரியா இருந்திருந்தா, அன்னிக்கு மிதிச்சிருப்பியா?"

சர்ச் மணி அடித்து ஓய்ந்தது.

"மாட்டேன்."

"ஏன்?"

"கிளட்ச் புதுசுன்னு சொல்லியிருப்பேன். அது முடிஞ்சா டயர் புதுசுன்னு சொல்லியிருப்பேன். ஏதாவது ஒண்ணு சொல்லியிருப்பேன்." நோட்டைத் தன் பக்கம் இழுத்து மூடினான். "அவ அதுக்காகத்தான் உயிரோட இருக்கான்னு நெனச்சேன், ரீட்டா. ஒவ்வொரு நாளும் எழுந்ததும் இன்னும் எவ்வளவுன்னுதான் கேப்பா. அது நடந்துட்டா அப்புறம் அவளுக்கு என்ன மிச்சம்? போயிடுவாளோன்னு பயமா இருந்துச்சு. அதனால இழுத்தேன். நான் இழுத்தேன், அவ போயிட்டா."

இத்தனை வருடத்தில் அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் போகவில்லை. சர்ச் ஹாலில் அத்தனை பேர் முன்னால் அப்படிக் கேட்டது என் நெஞ்சைக் குத்தியது. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அவன் மேஜைமேல் வைத்திருந்த கார் சாவியை எடுத்தேன்.

"எழுந்திரு."

"எங்க?"

"உட்வர்டுக்கு. நான் ஓட்டறேன். நீ அந்தப் பக்கம் உக்காரு."

"அது அவ சீட்டு."

"தெரியும். உக்காரு."

ஞாயிறு காலை, சர்ச் நேரம். சாலையில் ஈ காக்கை இல்லை. ‘பன்னிரண்டு மைல் சாலை’ என்று பெயர் கொண்ட தெரு உட்வர்டைச் சந்திக்கும் இடத்தில் சிவப்பு விளக்கில் நின்றேன். வென்டல் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தான். பக்கத்து சீட்டில் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, யாரோ விருந்தாளி மாதிரி இருந்தான். பச்சை விழுந்தது. கிளட்ச்சை விட்டு அடிமட்டம் வரைக்கும் மிதித்தேன்.

பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே குரலில் அலறின. வண்டி ஒரு அங்குலம்கூடப் பக்கவாட்டில் இழுக்கவில்லை, நேராகப் பாய்ந்தது. வென்டலின் தலை பின்னால் போய் மோதியது, முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது கியர் போட்டேன், மறுபடி ஒரு உதை. கடைகள், மரங்கள் எல்லாம் பின்னால் ஓடின. வாய்க்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. காலை எடுத்தேன். ஆக்ஸிலிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

அவ்வளவுதான். நாலு நொடி. ஆறு மாதம் அவள் கேட்டது இந்த நாலு நொடியைத்தான். பல் வெந்தே போயிருந்தாலும் அது அவனுக்கு ஒரு வார வேலைதான்.

சாலையோரம் ஒரு பூட்டிய கடையின் முன் வண்டியை நிறுத்தினேன். வென்டலுக்கு மூச்சு வாங்கியது. சீட்டின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தான், விடவில்லை.

"அவளுக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கும், ரீட்டா," என்றான்.

"பிடிக்கும்னுதானடா கேட்டா," என்றேன்.

அடக்கத்தன்று அழாதவன் அப்போது அழுதான். வாய்விட்டு, மூக்கு ஒழுக அழுதான். நான் இன்ஜினை அணைத்துவிட்டு, அவன் தோளில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.